வேலை செய்யாத ஏரியல் பொத்தான்

4

திருட்டுப்போன சாமான் மேசைமேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. துப்பறியும் லீலா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவளுடைய உதவியாளன் சித்தையன் பக்கத்திலிருந்த பிஸ்கட் தட்டைச் சுற்றி வந்தான்.

"இதுதானுங்களா களவு போனது?" என்றான். "களவாணி ரொம்ப யோக்கியனாட்ட இருக்குதுங்க. கொண்டாந்து வெச்சுட்டே போயிருக்கான்."

"சாமான் போகலை, டிசைன் போயிடுத்து," என்றார் ஸ்ரீவத்ஸ்.

யதுகிரி டிஸ்ப்ளேஸ் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. கம்பெனி மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், தகரக் கூரைக்குக் கீழே, வெளியே சோப்பு வாசனையும் உள்ளே ரகசிய வாசனையுமாக நடந்துகொண்டிருந்தது. கேட்டில் சித்தையனின் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். லீலாவின் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். உள்ளே மூன்று இடத்தில் 'அனுமதியின்றி நுழையாதே' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. இவ்வளவு பந்தோபஸ்தும் மேசைமேல் இருந்த அந்த ஒரு கண்ணாடிக்காகத்தான்.

காரின் முன்பக்கத்தில் ரேடியோ, ஏ.சி. என்று ஆளுக்கொரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்குமே, அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு திரை. விரலால் அழுத்தினால் பாட்டு வரும். இன்னோர் இடத்தில் அழுத்தினால் குளிர்காற்று வரும். மைசூரில் ஓடிய கார்களில் பாதியில் ஜன்னலை இறக்கக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த 1998-இல், ஸ்ரீவத்ஸ் இதை புனேயில் உள்ள ஒரு பெரிய கார் கம்பெனிக்கு விற்பதாக இருந்தார்.

அதற்குள் பெங்களூர்க் கம்பெனி ஒன்று பளபளவென்று ஒரு விளம்பரப் புத்தகம் போட்டுவிட்டது. அட்டையில் அதே திரை, அதே பொத்தான்கள்.

"புனேக்காரா சாயங்காலம் வரா," என்றார் ஸ்ரீவத்ஸ். "அவா கேக்கறச்சே திருடி பிடிபட்டாச்சுன்னு நான் சொல்லணும். சப் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லியாச்சு. நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தாப் போறும்."

"திருடியா? யாருன்னு தெரிஞ்சுபோச்சா?" என்றாள் லீலா.

"ஜீவிதா. இதை வரைஞ்சவளே அவதான். லாக்கர் ரூம் சாவி என்கிட்ட ஒண்ணு, அவகிட்ட ஒண்ணு. நான் திருடலை. மிச்சம் யாரு?"

"அப்போ நாங்க துப்பறிய வேண்டாமா?"

"துப்பு நான் அறிஞ்சாச்சு. நீங்க கையெழுத்துப் போடுங்கோ."

சித்தையன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம். "அக்கா, இது நல்ல சோலியா இருக்குது. ஆஸ்பத்திரிக்கு வர்றவுங்களும் இப்படியே வியாதியச் சொல்லிப்போட்டா டாக்டருக்குப் படிப்பே வேண்டாம்."

லீலா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்வையிட்டவள். தானே பற்றவைத்த தீயைப் பற்றித் தானே அழுகிற முதலாளிகளை நிறையப் பார்த்தவள். யாராவது அவசரமாகக் கையெழுத்துக் கேட்டால் அவளுக்குப் பேனா கிடைக்காமல் போய்விடும்.

"பேனாவை கேட்ல பிடுங்கிட்டாங்க சார்," என்றாள். "அந்தப் பொண்ணைப் பாக்கணும்."

*

ஜீவிதாவை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலாளி. இருபத்தைந்து வயதுப் பெண்; அழுது முடித்துவிட்டு இப்போது கோபத்துக்கு வந்திருந்தாள். அதுவே லீலாவுக்குப் பிடித்திருந்தது.

"காலைல ஷாப் ஃப்ளோர்ல அத்தனை பேர் முன்னாடியும் திருடின்னு சொன்னார் மேடம்," என்றாள். "லேத்தை எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு சொன்னார், எல்லாருக்கும் கேக்கணும்னு. இனிமே போலீஸ் வேற. ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்த பொண்ணுக்கு யார் மேடம் வேலை குடுப்பாங்க? கார் ஸ்கிரீன் பண்றதுக்கு இந்த தேசத்துல இருக்கறதே ரெண்டு கம்பெனி. ஒண்ணு துரத்துது, இன்னொண்ணுக்கு நான் வித்தேன்னு சொல்றாங்க."

லீலா அந்த விளம்பரப் புத்தகத்தை நீட்டினாள். "நல்லாப் பாரு. உன்னோடதுதானா?"

ஜீவிதா பார்த்தாள். முகம் சிவந்தது.

"ஹௌது, ஆமா மேடம், என்னோடதேதான். இங்க பாருங்க, ஃபேன் படத்துல ஒரு ரெக்கை குட்டையா இருக்கு. அது நான் பண்ணின தப்பு. திருத்தணும்னு நெனச்சேன், டைம் இல்ல. அந்தத் தப்பையும் சேத்து எடுத்திருக்காங்க." அவள் விரல் படத்தின் இடது மேல் மூலைக்குப் போய் நின்றது. "ஆனா இது என்னது?"

அந்த மூலையில் வெள்ளையாக ஒரு சின்னம். இரண்டு கோடு மேலே விரிந்து, கீழே ஒரு காலில் சேர்ந்து நின்றது. நடுவில் சிவப்பாக ஒரு கோடு. அதன்கீழ் ஆங்கிலத்தில் 'ஏரியல்' என்று அச்சடித்திருந்தது.

"ரேடியோவுக்கு ஏரியல் தூக்கற பட்டன்னு போட்டிருக்காங்க," என்றாள் ஜீவிதா. "நான் அந்த மூலைல எதுவுமே வைக்கலை. வைக்கவும் மாட்டேன்."

"ஏன்?"

"நம்ம கார்ல டிரைவர் வலது பக்கம் உக்கார்றார். ஸ்கிரீன் அவருக்கு இடது பக்கம். இடது கையை நீட்டினா கிட்ட இருக்கற பாதி வரைக்கும்தான் விரல் வரும். அதனாலதான் எல்லாப் பட்டனையும் டிரைவர் பக்கமா, பெருசு பெருசா வெச்சேன். ரோடு குலுக்கினாலும் தவறக் கூடாது. கம்பெனி வேன்ல ஸ்கிரீனை மாட்டி ரிங் ரோட் பூரா சுத்திப் பாத்துட்டுத்தான் வெச்சேன். அந்தத் தூரத்து மூலையைத் தொடணும்னா டிரைவர் உடம்பையே சாய்க்கணும். சாஞ்சா ரோட்டைப் பாக்க மாட்டார். எதுத்தாப்ல கரும்பு லாரி வரும்."

"ஏரியல் தூக்குதோ இல்லியோ, ஆளத் தூக்கீருமுங்க," என்றான் சித்தையன்.

லீலா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "சித்தையா, பரீட்சையில பக்கத்து ஆளைப் பாத்து எழுதியிருக்கியா?"

"அப்பிடித்தானுங்க பாஸே பண்ணுனேன்."

"அவன் தப்பா எழுதினதை என்ன பண்ணுவே?"

"அதையும் அப்பிடியே எழுதீருவேன். எது தப்புன்னு தெரிஞ்சா நான் எதுக்குங்க அவனப் பாக்கறேன்?"

"அதேதான். குட்டை ரெக்கையைக்கூட மாத்தாதவன், புதுசா ஒரு பொத்தானை, அதுவும் இருக்கவே கூடாத இடத்துல, சொந்தமா யோசிச்சு வெச்சிருப்பானா? அவன் எதையும் சேக்கலை. பாத்ததை வரைஞ்சிருக்கான். அவன் பாத்தப்போ அந்த மூலையில ஏதோ இருந்திருக்கு."

"பல்லி உக்காந்திருந்துச்சோ என்னமோ."

"சிவப்புக் கோடு போட்ட பல்லியா?"

"பெங்களூர்ப் பல்லி மேக்கப் போட்டிருக்குமுங்க."

லீலா சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே எழுந்து முதலாளி அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

*

மேசைமேல் இருந்த திரையின் இடது மேல் மூலை பளிங்காகச் சுத்தமாக இருந்தது. மற்ற மூன்று மூலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுத்தமாக இருந்தது. லீலா சித்தையனைப் பார்த்தாள். அவன் சுண்டுவிரல் நகத்தை, பஸ்ஸில் பல் குத்தவும் ஆபீஸில் துப்பறியவும் வளர்த்துவைத்திருந்த நகத்தை, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் விட்டு ஓர் இழுப்பு இழுத்தான். நகத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் மண் வந்தது. மறுபடி இழுத்தான். சிவப்பாகக் கொஞ்சம் வந்தது.

"என்ன பண்றேள்? அது கோடி ரூபா சாமான்!" என்று ஸ்ரீவத்ஸ் எழுந்தார்.

லீலா நிமிர்ந்தாள். ஸ்ரீவத்ஸின் நெற்றியில் சிவப்பாக மெல்லிய ஒற்றைக் கோடு. ஆபீஸுக்கு அவ்வளவுதான், மிச்சம் வீட்டில். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய அப்பாவின் படம். மேல்கோட்டைப் பெரியவர், அவருக்கு ஆபீஸ் கீபீஸ் இல்லாததால் நெற்றி நிறையத் திருமண். வெள்ளையாக இரண்டு கோடு மேலே விரிந்து, மூக்கின்மேல் ஒரு காலில் சேர்ந்து, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம்.

லீலா விளம்பரப் புத்தகத்தை எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

சித்தையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அட பெருமாளே! இந்த ஏரியல்ல எந்த ஸ்டேஷனுங்க புடிக்கும்? நேரா வைகுண்டமுங்களா?"

"நாமத்தைப் போய் ஏரியல்னு..." ஸ்ரீவத்ஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருட்டைவிட இது அவரை அதிகமாகப் பாதித்த மாதிரி இருந்தது.

லீலா புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினாள். "படம் வரைஞ்சது இத்தாலியில ஒரு ஸ்டுடியோன்னு பெருமையா போட்டிருக்காங்க. இங்கேருந்து போட்டோ போயிருக்கு. அவனுக்குப் பொத்தான் எது, பூஜை எதுன்னு எப்படித் தெரியும்? வெள்ளையா ரெண்டு கொம்பு, நடுவுல ஒரு கம்பி. ஏரியல்தான்னு முடிவு பண்ணிட்டான். பெங்களூர்ல அட்டையை யாரும் சரியாவே பாக்கலை போலிருக்கு. இத்தாலிக்காரன் வரைஞ்சா சரியாத்தான் இருக்கும்னு அச்சடிச்சுட்டாங்க. சார், இதுக்கு யார் எப்போ திருமண் இட்டது?"

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும்தான் இடுவோம். ஷாப் ஃப்ளோர்ல..."

"வரும்போது பாத்தேன். கம்ப்ரெஸர், லேத், டிரில்லிங் மெஷின் எல்லாத்து மேலயும் இன்னும் இருக்கு. உங்க ஆளுங்க வெச்சது. வட்டமா சந்தனம், நடுவுல குங்குமம். நாமம் ஒண்ணுலயும் இல்லை. இது ஷாப் ஃப்ளோர் பூஜை இல்லை சார். வேற பூஜை."

ஸ்ரீவத்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்தார்.

"ஆத்துக்கு எடுத்துண்டு போனேன்," என்றார். "பூஜைக்குத்தான். அது எப்படி வெளில போனதாகும்? என்னோட ஆத்துலதானே இருந்தது. அப்புறம் நன்னாத் துடைச்சு நானே கொண்டுவந்து வெச்சுட்டேன்."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே? ஒரு பொண்ணை ஸ்டோர் ரூம்ல அடைச்சு வெச்சிருக்கீங்க."

அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "ரங்கா! என் மச்சினன். ஆத்துல சும்மாத்தான் உக்காந்திருக்கான். கம்ப்யூட்டர் பத்திரிகை எல்லாம் படிக்கறான். அவனேதான்! நான் அப்பவே நெனச்சேன்."

"ஏனுங்க," என்றான் சித்தையன், "ஒருத்தர விட்டா அடுத்தாளா? பஸ் சீட்டாட்ட இருக்குதுங்களே."

*

சரஸ்வதிபுரத்தில் ஸ்ரீவத்ஸின் வீட்டுக்கு லீலாவும் சித்தையனும் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தார்கள். முதலாளி காரில் பின்னால் வருவதாகச் சொன்னார். மனைவிக்கு அதற்குள் போன் செய்துவிடுவாரோ என்று லீலாவுக்குக் கவலை. சித்தையன் அதற்கு வழி செய்திருந்தான். முதலாளி அறையில் இருந்த ஒரே போனில் தன் ஹனூர்ச் சித்தப்பாவுக்கு டிரங்க் கால் புக் பண்ணி, எக்ஸ்சேஞ்ச் திரும்பக் கூப்பிடும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுக்கு ஹனூரில் சித்தப்பாவே கிடையாது.

கதவைத் திறந்தவர் ஸத்யபாமா. ஐம்பது வயதிருக்கும். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"ஆபீஸ்லேந்தா? வாங்கோ வாங்கோ. ஸ்வல்ப இருங்கோ, காபி கலக்கறேன்."

"காபி அப்புறம் மாமி," என்றாள் லீலா. "ஆயுத பூஜைக்கு சார் ஒரு டச் ஸ்கிரீன் கொண்டு வந்தாராமே, அதைப் பத்திக் கேக்கணும். உங்க தம்பி ரங்கா அதைத் தொட்டாரா?"

"ரங்காவா? அவன் நவராத்திரி பூராவும் மேல்கோட்டைல இருந்தானே. கோவில்ல கைங்கர்யம். தீபாவளிக்குத்தான் திரும்பி வந்தான்." ஸத்யபாமா சிரித்தார். "ஆயுத பூஜைக்கு மட்டும் கொண்டு வந்தார்னா சொன்னார்? ஒம்போது நாளும் கொலுவிலேன்னா இருந்தது!"

சித்தையன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எதுல மாமி?" என்றாள் லீலா.

"கொலுவிலே. வருஷா வருஷம் இந்தத் தெருவுல யாராவது புதுசா ஏதாவது வெச்சுடறா. போன வருஷம் எதிராத்துல ரயில் ஓட விட்டா. நான் இவர்கிட்ட சொன்னேன், நம்மாத்துக்கும் ஏதாவது புதுசா வேணும், இல்லேன்னா எனக்கு மானம் போயிடும்னு. கொண்டு வந்தார். மூணாம் படியிலே, தசாவதாரத்துக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவிலே வெச்சோம். தொட்டா விளக்கு எரியறது, ஃபேன் சுத்தறது. குழந்தைகள் எல்லாம் வரிசையா நின்னு தொட்டுது. எதிராத்து ரயிலை ஒருத்தர் திரும்பிப் பாக்கலை! ஆயுத பூஜையன்னிக்கு இவரே திருமண் இட்டார். ஃபோட்டோ பாக்கறேளா?"

ஆல்பம் வந்தது. லீலா பக்கத்தைப் புரட்டினாள். கேட்டில் பேனாவைப் பிடுங்குகிற கம்பெனியின் பரம ரகசியம், மஞ்சள் சீரியல் விளக்குகளுக்கு நடுவே, மூலையில் நாமத்தோடு, சரஸ்வதிபுரத்துக்கே தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் நாலு பெண்கள் அதைத் தொட்டபடி போஸ் கொடுத்தார்கள். இன்னொன்றில் ஸ்ரீவத்ஸ் வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக, நெஞ்சை நிமிர்த்தி, விரலால் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் திரை மட்டும். கிட்டத்திலிருந்து, நேராக, ஆடாமல் எடுத்த படம்.

"இது யார் எடுத்தது மாமி?"

"பல்லவி. எனக்கு ஒண்ணுவிட்ட அக்கா மாட்டுப்பொண். பெங்களூர்லேந்து பூஜையன்னிக்கு வந்திருந்தா. அவ கேமராலதான் இந்த ஃபோட்டோ எல்லாம். பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பியும் வெச்சா, நல்ல பொண்ணு. ரொம்பக் கெட்டிக்காரி, எப்படிக் கேள்வி கேட்டாங்கறேள்! ஏன் இந்தப் பட்டன் பெருசா இருக்கு, எத்தனை அழுத்தம் வேணும்னு எல்லாம். இவருக்குத் தலைகால் புரியலை. ஒரு மணி நேரம் விளக்கினார். சுண்டல் ஆறிப்போச்சு."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"பல்லவி எங்க வேலை பாக்கறாங்க மாமி?" என்று லீலா மெதுவாகக் கேட்டாள்.

"அதான், அந்தக் கார் சாமான் பண்ற கம்பெனி. பேர் வாயில வரலை. இவர்கிட்டயே சொன்னாளே அவ! 'மாமா, நானும் இதே லைன்தான்'னு." ஸத்யபாமா வாசல்பக்கம் திரும்பினார். ஸ்ரீவத்ஸ் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஏன்னா, பல்லவி எந்தக் கம்பெனி? உங்ககிட்ட சொன்னாளே, நீங்ககூட 'ரொம்ப சந்தோஷம், குழந்தை பொறக்கற வரைக்கும் பொம்மனாட்டிகள் வேலைக்குப் போறதுல தப்பில்லை'ன்னேளே?"

ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில், ஸ்ரீவத்ஸ் அப்படியே நின்றார்.

பல்லவி விஷயத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை என்பது அப்போதுதான் லீலாவுக்கு உறைத்தது. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. கேட்டில் வருகிறவர்களிடம் பேனாவைப் பிடுங்கினார். வீட்டுக்கு வந்தவர்கள் பட்டுப்புடவையும் கையில் சுண்டலுமாக வந்தார்கள். அவர்களுக்குக் கண் இருக்கும், கண்ணுக்குப் பின்னால் மூளை இருக்கும் என்பது அவருடைய கணக்கில் வரவே இல்லை. எரிச்சலில் லீலாவுக்குக் காது சூடாகியது.

"பல்லவியா?" என்றார் அவர், பலவீனமாக. "அவ... கொலு பாக்கன்னா வந்தா?"

"வந்தாங்க, பாத்தாங்க," என்றான் சித்தையன். "பாக்கத்தானுங்களே கூப்பிட்டீங்க? இதுல ஒரு பூட்டு ஒடையல, ஒரு சுவரு ஏறலை. வெத்தலைபாக்கு வெச்சுக் குடுத்து வழியனுப்பியிருக்கீங்க."

"எதுக்கு எல்லாரும் இப்படிப் பாக்கறேள்?" ஸத்யபாமா லீலாவைக் கேட்டார். "என்ன ஆச்சு?"

லீலா சொன்னாள். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் சொன்னாள், வரப்போகும் போலீஸையும் சொன்னாள். ஸத்யபாமாவின் முகத்திலிருந்த விருந்துக் களை மெல்ல இறங்கியது. அவர் ஆல்பத்தை மூடி லீலாவின் கையில் வைத்தார்.

"எடுத்துண்டு போங்கோ," என்றார். பிறகு கணவரிடம்: "கேட்டது நான், கொண்டு வந்தது நீங்க. ஊரான் ஆத்துப் பொண்ணைப் போலீஸ்ல குடுப்பேளா? அந்தச் செருப்பைப் போட்டுண்டு இப்பவே கிளம்புங்கோ."

*

திரும்பும்போது ஸ்ரீவத்ஸ் லீலாவைக் காரில் ஏறச் சொன்னார். சித்தையன் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தான். கார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. முதலாளி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ரிப்போர்ட்ல 'அடையாளம் தெரியாத நபர்'னு போட்டுடலாமே? ஜீவிதாவை நான் சும்மா விட்டுடறேன்."

"அடையாளம் நல்லாத் தெரியுது சார். ஆல்பத்துல பாதிப் படத்துல நீங்கதான் இருக்கீங்க."

"புனேக்காரா முன்னாடி நான் எப்படி..."

"அந்தப் பொண்ணு எத்தனை பேர் முன்னாடி நின்னா? சும்மா விடறேன்னு சொல்றீங்களே, பிடிச்சது யாரு?"

ஹெப்பாளில் கேட்டுக்கு வெளியே போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே சப் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத், காவலாளி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். புனேயிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளும் சீக்கிரமே வந்து, மேசைமேல் இருந்த திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீவிதாவை அழைத்து வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். புனேக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். அதைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது.

லீலா ஆல்பத்தைப் பிரித்து மஞ்சுநாத்தின் மடியில் வைத்து, கொலு, பல்லவி, ஒரு மணி நேர விளக்கம், ஆறிப்போன சுண்டல் எல்லாவற்றையும் ஜீவிதாவுக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர் இரண்டு படங்களைப் பார்த்தார், விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தார், ஸ்ரீவத்ஸின் நெற்றியைப் பார்த்தார். டீ புரையேறியது.

இருமி முடித்ததும் கன்னடத்தில் கேட்டார்: புகார் யார்மேல் எழுதட்டும்?

"புகார் வேண்டாம்," என்று ஸ்ரீவத்ஸ் முனகினார். புனேக்காரர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். சின்னத் தகவல் இடைவெளி, உள்ளுக்குள் ஒரு புரிதல் கோளாறு, இப்போது தீர்ந்துவிட்டது, வாருங்கள், டெமோவை ஆரம்பிக்கலாம்.

"இல்ல சார்," என்றாள் ஜீவிதா. "காலைல எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

அவர் லீலாவைப் பார்த்தார். லீலா ஜன்னலைப் பார்த்தாள். மஞ்சுநாத் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, போகலாமா என்பதுபோலக் கதவைத் திறந்து பிடித்தார்.

ஷாப் ஃப்ளோரில் லேத்துகளை நிறுத்தினார்கள். எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். புனேக்காரர்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஸ்ரீவத்ஸ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். வருத்தத்துக்குரிய சில சூழ்நிலைகளில்...

"காலைல இங்கிலீஷ்லயா சார் சொன்னீங்க?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து சித்தையனின் குரல் வந்தது. "இவுங்களுக்குப் புரியறாப்ல கன்னடத்துலதான் திருடின்னீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்போ இதையும் புரியறாப்லயே சொல்லீருங்க."

ஸ்ரீவத்ஸ் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் சொன்னார். ஜீவிதா திருடவில்லை. "நானே தோர்ஸிதே." நான்தான் காட்டினேன். யாருக்கு என்று லேத்துப் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு என்றார். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவர் அவனை முறைத்தார். ஜீவிதா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை. காலையிலிருந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது என்று பார்த்தவர்கள் எல்லோருக்குமே தெரிந்தது.

புனே அதிகாரிகளில் மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீவத்ஸ் உடனே உயிர்பெற்றார். முகத்தில் பழைய முதலாளி திரும்பி வந்தார்.

"சரி சரி, எல்லாம் முடிஞ்சது," என்று கையைத் தட்டினார். "ஜீவிதா, போம்மா, இவாளுக்கு டெமோ காமி. ஏன் எது எங்க இருக்குன்னு நன்னா விளக்கிச் சொல்லு."

ஜீவிதா கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றினாள். நாடாவை அட்டைமேல் நிதானமாகச் சுற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவள் அடுத்துச் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள், புனேக்காரர்களுக்கும் விளங்கட்டும் என்று.

"நீங்களே விளக்குங்கள் சார். சுண்டல் சாப்பிட வந்தவர்களுக்கே ஒரு மணி நேரம் விளக்கினீர்களாம். இவர்கள் திரையை வாங்கவே வந்திருக்கிறார்கள்."

ஸ்ரீவத்ஸ் திரை இருந்த அறையைக் கை காட்டி, இப்படி வாருங்கள் என்றார். புனேக்காரர்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் வெளியே போய்க்கொண்டிருந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.